சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம்

2023 ஜனவரியில் பொங்கல் கழிந்த நான்காம் நாள், 14 மாதம் நிறைந்திருந்த என் பேரனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. மறுநாள் இலேசான காய்ச்சல் வந்தது. அதற்கடுத்து, மூச்சு விடும்போதெல்லாம் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தம் கூடத்தில் படுத்திருந்த எனக்கே கேட்டது. மருமகள் பயந்துபோய், "அத்தை, நெஞ்சு முழுக்க சளி கட்டிக்கிச்சு போல இருக்கே" என்றாள். நான் சிரித்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில், அதிலும் பெரும்பகுதி ஜவ்வாது மலைக் கிராமங்களில், 29 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து 2018இல் ஓய்வு பெற்றவள் என்பதால், இதையே ஆயிரம் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சத்தம் மூக்கிலும் தொண்டையிலும் தேங்கிய சளியிலிருந்து வருகிறது, நெஞ்சிலிருந்து அல்ல, பிள்ளை விளையாடுகிறான், பால் குடிக்கிறான், இது சாதாரணச் சளிதான், நுரையீரலில் தொற்று இறங்கும் நிமோனியா இல்லை என்று சொன்னேன். முதல் இரண்டு நாட்களுக்கு நான் சொன்னது சரியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மாலை குழந்தை வழக்கத்தைவிடச் சோர்ந்திருந்ததால், மடியில் போட்டு, ஸ்வெட்டருக்கு மேலேயே பார்த்து, சுவர்க் கடிகாரத்தில் கால் நிமிடம் மூச்சை எண்ணினேன். 9 வந்தது. நான்கால் பெருக்கினால் 36. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 40க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை என்பது கணக்கு. "நார்மல்தாம்மா" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிவிட்டேன். இரவு 9 மணிக்கு மேல் தொண்டைச் சத்தமும் நின்றுபோனது. வீடே நிம்மதியடைந்தது. குல்லாய், ஸ்வெட்டர், கம்பளி என்று போர்த்தி, அவனைத் தூங்க வைத்தோம்.

விடியற்காலை 3 மணிக்கு மருமகள் என்னை எழுப்பினாள். "பால் குடிக்கிறான் அத்தை, ரெண்டு வாய் உறிஞ்சுறான், விட்டுடுறான், மறுபடியும் புடிக்கிறான்" என்றாள். அந்தச் சொற்கள்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டன. மூச்சு விடவே நேரம் போதாத குழந்தை பாலை விழுங்குவதற்காக மூச்சை நிறுத்த முடியாமல் இப்படித்தான் விட்டுவிட்டுக் குடிக்கும் என்று எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து நானே சொல்லியிருக்கிறேன். விளக்கைப் போட்டு, கம்பளியை விலக்கி, ஸ்வெட்டரையும் சட்டையையும் கழுத்துவரை தூக்கிவிட்டுப் பார்த்தேன். வயிறு துருத்தி போல ஏறி இறங்கியது. மூக்கின் ஓரங்கள் விரிந்து விரிந்து அடங்கின. நெஞ்சும் வயிறும் சந்திக்கும் இடம் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. கைபேசியில் ஒரு முழு நிமிடம் வைத்து எண்ணினேன். 58.

மாலையில் நான் எண்ணியதில் இரண்டு தவறுகள் இருந்தன. பச்சிளங்குழந்தையும் சிறுகுழந்தையும் கடிகாரம் போல ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. சில விநாடிகள் வேகமாக விட்டு, சில விநாடிகள் நிதானிக்கும். கால் நிமிடம் எண்ணிப் பெருக்கினால் அந்த நிதானத்தில் மாட்டிக்கொண்டு தவறான எண்ணை எடுத்துவிடுவோம். ஒரு மூச்சைத் தவறவிட்டாலும் பெருக்கலில் அது நான்காகிவிடும். அடுத்தது ஸ்வெட்டர். கம்பளித் துணியின் மடிப்பில் மேலோட்டமான சிறு மூச்சுகள் தெரியவே தெரியாது. முழு நிமிடம், சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது: இந்த மூன்றையும் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொந்தப் பேரன் என்றதும் மூன்றில் இரண்டை விட்டுவிட்டேன்.

மூச்சை எண்ணும் இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை விளங்கும். மத்திய அரசு 1990இல் கடும் சுவாசத் தொற்றுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நாங்கள் அதை ஏ.ஆர்.ஐ. என்றே சொல்வோம். அதற்கான பயிற்சியில் எங்களுக்கு ஸ்டெதஸ்கோப் தரப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னார்கள். டாக்டர் காதில் மாட்டிக் கேட்கிறார், நமக்கு மட்டும் வாட்ச்சா என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். பிறகுதான் காரணம் புரிந்தது. 1980களில் பப்புவா நியூ கினியில் பணியாற்றிய ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும், எந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், எந்தக் குழந்தையை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பதை மூச்சின் வேகத்தையும் நெஞ்சுக்கூடு உள்வாங்குவதையும் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம் என்று காட்டியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை அதையொட்டி எழுந்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெரிய எண்களை எண்ணத் தெரியாத கிராமத்து மருத்துவச்சிகளுக்காக, ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிகள் கோத்த கம்பியும் கொண்ட ஒரு கருவியை அவர்கள் உருவாக்கினார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணியைத் தள்ளும்படி ஆகிவிட்டால் நிமோனியா என்று கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மருத்துவச்சி இதைச் செய்ய முடிந்தது.

வேக மூச்சு என்று கொள்ள வேண்டிய எண்கள் இவை. பிறந்து 2 மாதம் வரை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். 2 மாதம் நிறைந்ததிலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயதிலிருந்து 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ஐ எட்டினால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை எண்ணி உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த வயதில் மூச்சு மிகவும் ஏறி இறங்கும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. காய்ச்சல் கொதிக்கும்போது மூச்சு கொஞ்சம் கூடத்தான் செய்யும். காய்ச்சல் இறங்கியபின் மறுபடி எண்ணலாம், ஆனால் அதைச் சாக்காக வைத்துக் காத்திருக்கக் கூடாது. நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் நிரம்பி, நுரையீரல் விறைத்துப்போனால், ஆழமாக இழுக்க முடியாமல் குழந்தை சிறு சிறு மூச்சாக வேகமாக விடுகிறது. நெஞ்சு குழிவது அதற்கடுத்த நிலை. நல்ல மூச்சில் நெஞ்சும் வயிறும் சேர்ந்தே மேலெழும். நோய் முற்றினால் வயிறு மேலெழும் அதே நேரத்தில் நெஞ்சுக்கூட்டின் கீழ்விளிம்பு உள்ளே போகும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் இலேசாக இழுபடுவதை மட்டும் பார்த்து அதுதான் இது என்று பலர் குழம்புவார்கள். பார்க்க வேண்டியது கடைசி விலாவின் ஓரத்தை. மலைக்கிராமங்களில் "புள்ளைக்கு வெலா இழுக்குது நர்சம்மா" என்று சொல்லிக்கொண்டு வரும் தாய் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருப்பாள். "சளி கர்ருகர்ருன்னு கத்துது" என்று சொல்லிக்கொண்டு வருபவள் பெரும்பாலும் கவலைப்படத் தேவையில்லாதவள்.

சத்தத்தைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எல்லாச் சத்தமும் தள்ளிவிடத் தக்கது அல்ல. குழந்தை அமைதியாக இருக்கும்போதே, காற்றை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் கரடுமுரடான ஓர் ஒலி எழுந்தால், அது குரல்வளை வீங்கிக் காற்றுக்குழாய் குறுகியதன் அடையாளம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காற்றை வெளியே விடும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் சின்னதாக முனகுவதும் அப்படித்தான். வெளியே விடும்போது விசில் போலக் கேட்பது வீசிங். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் வைரஸால் வருவது, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியும். மூக்கடைப்பின் கரகரப்பு இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் எல்லாரையும் பயமுறுத்துவது அதுதான். அது நின்றதும் நோயே நின்றுவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

இதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது 1994இல் நடந்த ஒன்று. சாமை அறுப்பு முடிந்த குளிர்காலத்தில், மலைமேல் ஒரு சிற்றூரில், மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஊரே கேட்கும்படி இருமுகிறான் என்று கூப்பிட்டார்கள். அவனை எண்ணிப் பார்த்தேன், 32தான். ஆவி பறக்கும் வெந்நீரைப் பக்கத்தில் வைக்காதீர்கள், கொட்டிக்கொள்வான், வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, தாயின் சேலை மடிப்பில் 40 நாள் குழந்தை ஒன்று அசையாமல் கிடப்பதைப் பார்த்தேன். அதற்கு இருமல் இல்லை, சளி இல்லை. "ரெண்டு நாளா நல்லாத் தூங்குது, பாலுக்குக்கூட அழல" என்று தாய் பெருமையாகவே சொன்னாள். தொட்டால் கை கால் சில்லிட்டிருந்தது. எண்ணினேன், 70ஐத் தாண்டியது. அந்தக் காலத்தில் 108 ஆம்புலன்ஸ் கிடையாது. தமிழ்நாட்டில் அது 2008இல்தான் வந்தது. கம்பில் தூளி கட்டி ஆட்கள் மாற்றி மாற்றிச் சுமந்து இறங்கினார்கள். அடிவாரத்தை எட்டுவதற்குள் குழந்தை போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமோனியா இருமலோடு வர வேண்டும் என்றில்லை. பால் குடிப்பதை நிறுத்துவதும், எழுப்பினாலும் எழாமல் தூங்குவதும், உடல் சுடுவதற்குப் பதிலாகக் குளிர்ந்துபோவதும்தான் அதற்கு அறிகுறிகள். அந்த வயதில் வீட்டு வைத்தியத்துக்கும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கும் இடமே இல்லை.

பேரனின் கதைக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தது. மகன் அதை அவன் கால் பெருவிரலில் மாட்டிப் பார்த்தான். 84 காட்டியது, 93 காட்டியது, பிறகு கோடு மட்டும் காட்டியது. பெரியவர்களின் விரலுக்குச் செய்த கருவி குழந்தையின் விரலில் சரியாக உட்காராது. குழந்தை காலை அசைத்தாலும் எண் தாவும். "93 இருக்கேம்மா, காலையில போலாமா" என்று மகன் கேட்டான். கருவி நல்ல எண்ணைக் காட்டுகிறதே என்று நெஞ்சு குழிவதைப் புறந்தள்ளக் கூடாது என்று சொல்லி, 108க்கு அழைக்கச் சொன்னேன். இன்னொரு குழப்பமும் நடந்தது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்க மருமகள் எடுத்த பாட்டில் சொட்டு மருந்து. சிரப்பைக் கொடுப்பது போல மூடியில் 5 மில்லி ஊற்றப் போனாள். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும்; சிரப்பில் 5 மில்லியில் 120இலிருந்து 250 மில்லிகிராம் வரை பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. ஒன்பதரைக் கிலோக் குழந்தைக்கு அந்த 5 மில்லி உள்ளே போயிருந்தால், ஒரே வேளையில் நான்கு ஐந்து வேளை மருந்து போயிருக்கும். பாட்டிலின் மீது குழந்தையின் பெயரையும், எத்தனை மில்லி என்பதையும் பேனாவால் எழுதி ஒட்டி வைக்கும் வழக்கம் அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் வந்தது.

அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான கருவியில் பார்த்தபோது ஆக்சிஜன் 87 இருந்தது. 90க்குக் கீழே போனால் ஆக்சிஜன் கட்டாயம். மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கையும் ஊசியாகப் போட்டார்கள். எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்திருந்தது, நிமோனியாதான். இரண்டாம் நாள் மாலை மூச்சு 44க்கு இறங்கியது. அன்றிரவு நிறுத்தாமல் பால் குடித்தான். ஐந்தாம் நாள், பாட்டிலில் பொடியாக வரும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சி ஆறிய நீரைப் பாட்டிலின் கோடு வரை ஊற்றிக் குலுக்கி, ஒவ்வொரு வேளையும் மறுபடி குலுக்கி, சொன்ன நாள்வரை கொடுத்து, லேபிளில் போட்ட நாள் கடந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அந்த மிச்சத்தை அடுத்த சளிக்கு எடுத்து வைப்பதும், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் நம் ஊர்களில் மாறவே மாட்டேன் என்கிறது. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதற்கு எதுவும் செய்யாது. தேவையானபோது அந்த மருந்து வேலை செய்யாமல் போவதற்குத்தான் அது வழிவகுக்கும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. குழந்தையின் மூச்சு சீராக இருந்து, அது நன்றாகக் குடித்து விளையாடிக்கொண்டிருந்தால், சளிக்கு வீட்டில் செய்ய வேண்டியவை மிகக் குறைவு. தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு வெதுவெதுப்பான கஞ்சியும் ரசமும் கொடுப்பது, பாலுக்கு முன்னால் மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர் விட்டு மென்மையாகத் துடைப்பது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம்; ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து சிறு குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கும். துளசி, கற்பூரவல்லிச் சாற்றோடு நான் சண்டைக்குப் போனதில்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் நான்கு பழக்கங்களோடு பணிக்காலம் முழுவதும் மல்லுக்கட்டினேன். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது முதலாவது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வலிப்பை உண்டாக்கும். வலிப்போடு வந்த குழந்தையை என் கையாலேயே தூக்கியிருக்கிறேன். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது அடுத்தது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு நிமோனியா. குளிருக்கு இரண்டு சொட்டு பிராந்தி கொடுப்பதைச் சொல்லவே கூசுகிறது. படித்தவர் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். நான்காவது சாம்பிராணிப் புகை. குளித்த குழந்தையின் தலையைப் புகையில் காட்டுவது அழகான காட்சிதான். என் மாமியார் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் அப்படிச் செய்தவர் என்பதால், அதை மறுத்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கே சங்கடமாக இருக்கும். ஆனால் புகை மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் புண்ணாக்கும். சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்களை முடக்கும். மலைக்குடிசைகளில் நடுவே அடுப்பெரிந்துகொண்டிருக்க, அதைச் சுற்றிப் பிள்ளைகள் குளிர்காய்வார்கள். காஸ் அடுப்பு வந்தபிறகும் குளிக்க வெந்நீர் விறகில்தான். அடுப்பை வாசலுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் சமையல் முடியும்வரை குழந்தையைத் திண்ணையில் பாட்டியிடம் விடுங்கள் என்பதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது, கேட்டவர்களும் உண்டு.

இருமல் சிரப்பைப் பற்றி ஒரு பத்தி தனியாக எழுத வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு இருந்தது. அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. நச்சுக் கலக்காத நல்ல சிரப்பாலும் சிறு குழந்தையின் சளி ஒரு நாள்கூட முன்னதாகக் குணமாவதில்லை. தூக்கக் கலக்கம் உண்டாக்கும் மருந்துகள் சேர்ந்திருந்தால், சோர்வு நோயாலா மருந்தாலா என்று நமக்கே தெரியாமல் போய்விடும். மருந்துக்கடையில் வயதை மட்டும் சொல்லி வாங்கும் சிரப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேலை மடிப்பில் தூங்கிய குழந்தை நினைவுக்கு வரும்.

தடுப்பூசியில் எங்கள் வீட்டிலேயே ஓட்டை இருந்தது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில், நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான தடுப்பு இருக்கிறது. அது ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடப்படும். நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமிக்கான நிமோகாக்கல் தடுப்பூசி 2021இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இலவசமாக வந்தது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், 9ஆம் மாதம் என்று மூன்று தவணை. பேரனுக்கு முதல் இரண்டும் போட்டாயிற்று. 9ஆம் மாதம் ஊசி போட வேண்டிய புதன்கிழமை அவனுக்கு மூக்கு ஒழுகியது. "சளி இருக்கே, அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்று மருமகள் வீட்டார் சொன்னார்கள். ஊரில் இல்லாத நானும் தொலைபேசியில் அதை வற்புறுத்தி மறுக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு கல்யாணம், அதற்கடுத்த மாதம் வேறொன்று, அப்படியே போய்விட்டது. இலேசான சளியோ இருமலோ தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல. விட்டுப்போன அந்தத் தவணைதான் நிமோனியாவுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கிருமி என்று யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. குணமான பிறகு முதல் வேலையாக, விட்டுப்போன நிமோகாக்கல் தவணையையும் தட்டம்மை ஊசியையும் போட்டுக்கொண்டு வந்தோம். தட்டம்மைக்குப் பின் வரும் நிமோனியாவும் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறது.

பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்சொன்ன எண்கள் அவர்களுக்குப் பொருந்தா. படுத்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 30 மூச்சு என்றால் அது கடுமையான நிலை. முதியவர்களுக்கு நிமோனியாவில் காய்ச்சலே இல்லாமலும் இருக்கும். என் மாமியார் 78 வயதில் ஒரு மாலை, பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தம்பி வந்திருக்கிறான் என்று சொல்லிக் காபி போடச் சொன்னார். மனக்குழப்பம் என்று எண்ணி ஒரு நாளை வீணடித்தோம். அவருக்கு இருந்தது நிமோனியா. யாராக இருந்தாலும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான பரிசோதனை செய்ய வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் மருமகளை உட்கார வைத்து எண்ணக் கற்றுக்கொடுத்தேன். அவளுக்கு முதலில் எந்த அசைவை ஒன்று என்று வைப்பது என்பதே குழப்பமாக இருந்தது. வயிறு ஒருமுறை மேலெழுந்து இறங்கினால் ஒன்று. தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் கண்ணை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், கைபேசியில் ஒரு நிமிட அலாரம் வைத்துவிட்டு எண்ண வேண்டும். கண் கடிகாரத்துக்கும் வயிற்றுக்கும் தாவினால் எண்ணிக்கை தப்பும். எங்கள் காலத்தில் அரை நிமிடத்துக்கு ஒரு தரமும் ஒரு நிமிடம் முடிந்ததும் ஒரு தரமும் ஒலிக்கும் சிறிய டைமர் தந்திருந்தார்கள். கைபேசி அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்கிறது. நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பிள்ளையின் மூச்சை இரண்டு மூன்று நாள் எண்ணி வைத்துக்கொள்ளச் சொன்னேன். தூங்கும்போது அவனுக்கு 26, 28 வந்தது. சளி பிடித்த இரவில் ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் இப்போது ஓர் எண் இருக்கிறது.

சென்ற மார்கழியில் இரவு 11 மணிக்கு வேலூரிலிருந்து என் அண்ணன் மகன் அழைத்தான். இரண்டு வயது மகளுக்கு நெஞ்சு கொதிக்கிற மாதிரி சத்தம், என்ன செய்வது, வண்டியை எடுக்கட்டுமா அத்தை என்று பதறினான். தண்ணீர் குடித்தாளா என்று கேட்டேன், குடித்தாள். குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாளா, வலிப்பு வந்ததா, எழுப்பினால் கண் திறக்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் இல்லை. சட்டையைக் கழுத்துவரை தூக்கிவிட்டு, விளக்கு வெளிச்சம் நெஞ்சில் படும்படி, ஒரு முழு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் அனுப்பியது 20 விநாடிதான். மறுபடி எடுக்க வைத்தேன். 34 வந்தது, கடைசி விலாவின் ஓரம் குழியவில்லை. மூக்கில் உப்புநீர் விட்டுத் தூங்க வை, மூச்சு வாங்கினாலோ குடிக்க மறுத்தாலோ எந்த நேரமானாலும் கிளம்பிவிடு, இல்லாவிட்டால் காலை 6 மணிக்கு இதே போல இன்னொன்று எடுத்து அனுப்பு என்றேன். காலையில் வந்த வீடியோவில் பின்னணியில் அதே கரகரப்பு கேட்டது. எண்ணினேன், 30.